ஐந்தாவது கயிறு

"நாலு கயிறுதான் கட்டினேன். அஞ்சாவது உன் வேலைதானே?"

"எனக்கு வேற பொழப்பு இல்லையாண்ணா? உன் தொலைநோக்கிய நீயே கட்டிக்கிட்டு அழு" என்றாள் தங்கை.

கொல்லையில் தார்ப்பாய் போர்த்திய தொலைநோக்கி நின்றது. அதன் கண்ணாடியை அண்ணன் மூன்று வருடம் கையாலேயே தேய்த்துச் செய்திருந்தான். மாலையில் சூறைக்காற்று வரும் என்று அறிவித்திருந்தார்கள். சாய்ந்தால் கண்ணாடி தூள்தான்.

ஐந்தாவது கயிறு பாய்க்கு அடியிலிருந்து வந்து தரையில் அடித்த முளையில் கட்டியிருந்தது. நேற்றும் இப்படி ஒன்றை அவிழ்த்து எறிந்திருந்தான். இன்று அவிழ்த்து இழுத்தபோது, இறுக்கம் பார்ப்பதுபோல் பாய்க்குள்ளிருந்து யாரோ மெல்லத் திருப்பி இழுத்தார்கள்.

"நீதானே?"

தங்கை இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். கொய்யா மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. பாயை விலக்கிப் பார்த்துவிடலாம் என்று அவன் அடுத்த முளையருகே குனிந்தான்.

தங்கை பாயைப் பார்த்தபடியே பின்வாங்கினாள். "அண்ணா, அந்த நாலையும் அவுக்காத."