ராஜமேரியின் ஆடு

"வாங்க சார். உங்க ஆடு விடியறதுக்கு முன்னாலயே வந்துடுச்சுங்க" என்றாள் மாதம்மாள், ஊரிலிருந்து உறவுக்காரர் வந்த சேதியைச் சொல்வதுபோல.

அருள்நாதன் தலையாட்டினான். அவனுடைய காலை இப்படித்தான். எழுவான். பல் துலக்குவான். கொல்லையில் அறுந்த கயிறு கிடக்கும். சட்டையை மாட்டிக்கொண்டு ஊர்க்கோடியில் உள்ள பவுண்டுக்கு வருவான். அடுத்தவர் வயலில் மேய்ந்த ஆடுமாடுகளைப் பஞ்சாயத்து அங்கேதான் அடைத்து வைக்கும். தண்டம் கட்டுவான். ஆட்டை வீட்டுக்கு ஓட்டிப்போய்க் கட்டுவான். அரூர் பஸ்ஸைப் பிடித்துத் தாலுகா ஆபீசுக்குப் போவான். மனைவி ராஜமேரி இறந்த பிறகு இதில் எந்த மாற்றமும் இல்லை.

மாதம்மாள் பவுண்டைக் காப்பவள். அங்கே அடைபடும் மற்றவற்றுக்குத் தண்ணீர் மட்டும். இந்த ஆட்டுக்கு அகத்திக்கீரை, கேழ்வரகுக் கூழ், கழுத்துக்கு ஒரு மணி.

"உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்?" என்றான்.

"தாயில்லாப் புள்ளைங்க சார். நாமதானே பாக்கோணும்."

அப்போது பஞ்சாயத்துத் தலைவர் ராஜப்பன் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். மேயப்பட்டது அவருடைய வயல்.

"ஏன் தம்பி, பி.ஏ. படிச்சவருக்கு ஒரு முடிச்சுப் போடத் தெரியாதா? எங் கேவுரு பூராவும் உங்க ஆட்டு வயித்துல இருக்குது."

"தண்டம் கட்டிடறேங்க."

"தண்டமெல்லாம் போதும். இன்னைக்கு ஏலம். இல்லாட்டி எனக்கே வெலைக்குக் குடுத்துடுங்க. மாரியம்மன் பண்டிகைக்கு ஆச்சு."

மாதம்மாள் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"விக்கறதுக்கில்லீங்க" என்றான் அருள்நாதன். பிறகு, "இப்போதைக்கு" என்று சேர்த்தான்.

"அப்படி என்னங்க இருக்குது இதுங்கிட்ட? பால் கறக்குமா, குட்டி போடுமா? கெடாதானே!"

அருள்நாதன் சற்று யோசித்தான்.

"ராஜமேரி கடைசியா வாய்தொறந்து பேசினது இந்த ஆட்டைப் பத்தித்தானுங்க."

மாதம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராஜப்பன் துண்டால் கண்ணைத் துடைத்தார். பஞ்சாயத்துத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயங்களில் அவருக்குக் கண்ணீர் சீக்கிரம் வரும்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா தம்பி? மேயட்டும். எம் வயல்ல மேயாம வேற எங்க போய் மேயும்?" என்றவர், பவுண்டைச் சுற்றிப் பார்த்தார். "சேலத்துல இருந்து பிரிச்சுப் புது ஜில்லா வந்து இத்தன வருசத்துல இப்படியொரு பவுண்டு வேற எங்க இருக்குது? ஞாயித்துக்கெழம ஒரு பாராட்டு விழா வெச்சுப்புடலாம்."

வைத்துவிட்டார். பவுண்டு வாசலில் மைக் செட், பெஞ்சு, இரண்டு மாலை. ஒன்று தலைவருக்கு, ஒன்று ஆட்டுக்கு. ஆடு தன் மாலையைத் தின்று முடித்துவிட்டுத் தலைவருடையதைப் பார்த்தது. மாதம்மாளுக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். நாற்காலி போட மறந்துவிட்டதால் அவள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ராஜப்பன் மைக்கைப் பிடித்தார்.

"அந்த உத்தமி கடைசி மூச்சுல என்ன சொன்னாங்க? ‘என் ஆட்டை நம்ம பிரசிடெண்ட் பாத்துக்குவாரு’ன்னு சொன்னாங்க!"

கூட்டம் கைதட்டியது. மாதா கோயில் உபதேசியார் சவுரியப்பன் எழுந்தார்.

"தலைவர் மன்னிக்கணும். ‘இயேசு, மரி, சூசை’ன்னு மூணு பேரையும் சொல்லிட்டுத்தான் ராஜமேரிப் பாப்பா ஆட்டைச் சொல்லுச்சு. நல்ல மரணம்."

"இருக்கட்டுங்க உபதேசியாரே. அவங்க மூணு பேருக்கும் அப்பறம் நான்."

இருவருமே ராஜமேரி கடைசியாகப் படுத்திருந்த சேலத்து ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் இல்லை.

நன்றி சொல்ல அருள்நாதனை அழைத்தார்கள்.

"மாதம்மாளுக்கு நன்றி. அவங்க இல்லேன்னா இந்த ஆடு இந்நேரம் இருந்திருக்காது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அன்று மைக்கில் மாதம்மாளின் பெயர் கேட்டது அந்த ஒரு முறைதான்.

கூட்டம் கலைந்தது. மாதம்மாள் ஆட்டை அவனிடம் ஓட்டிவந்தாள். பாராட்டுத் துண்டு இப்போது ஆட்டின் முதுகில் இருந்தது.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? அம்மா நெசமா என்ன வார்த்த சொன்னாங்க? தெனம் நானும் அதையே இதுங்கிட்டச் சொல்லிக் கூழு ஊத்துவேன். அவங்களே கூப்புட்டாப்பல இருக்குமில்லீங்களா?"

அருள்நாதன் கயிற்றை வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டான்.

"பெருசா ஒண்ணுமில்ல மாதம்மா. ஆட்டை என்ன செய்யணும்னு சொன்னா."

"செஞ்சுட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

அவன் நடந்தான். ஆடு மணியடித்துக்கொண்டு பின்னால் வந்தது.

அந்தக் கடைசி நாளில், சேலம் ஆஸ்பத்திரியில் ராஜமேரியை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவருகே வண்டியை நிறுத்தச் சொன்னாள். அவனைக் கிட்டே கூப்பிட்டாள். அவளுடைய கல்யாணப் பட்டுச் சேலையின் முந்தானையை ஆடு தின்று அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"நான் வூட்டுக்குத் திரும்பி வர்றதுக்குள்ள அந்தச் சனியன வித்துத் தொலைச்சுடுங்க."