இருபத்தெட்டுப் பற்கள்

சாந்தோம் விறகுத் தொட்டிக்குச் சவுக்குக் கட்டை அறுக்கும் மெஷின் 1931-ல் வந்தது. அதன் வட்ட ரம்பத்தில் ஐம்பத்தாறு பற்கள், ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்ந்திருக்கும். திங்கட்கிழமை காலையில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, லூர்துசாமி இந்தப் பக்கமும் தேசப்பன் அந்தப் பக்கமும் முக்காலி போட்டு உட்காருவார்கள். ஆளுக்கு இருபத்தெட்டுப் பல்லை அரத்தால் தீட்டுவார்கள். லூர்துசாமி மாதா பாட்டில் ஓர் அடி பாடினால், அடுத்த அடியைத் தேசப்பன் மூக்காலேயே பாடுவான்.

மூன்றாம் வருஷம் தேசப்பன் காய்ச்சலில் இறந்துபோனான். அடுத்த திங்கட்கிழமை லூர்துசாமி தன் பாதியைத் தீட்டி முடித்து, எழுந்து அந்தப் பக்கம் போனான். அந்த இருபத்தெட்டும் ஏற்கெனவே தீட்டப்பட்டிருந்தன. முக்காலிக்குக் கீழே புதிய இரும்புத்தூள் கிடந்தது.

அதற்கடுத்த வாரங்களிலும் அப்படித்தான். அவன் யாரிடமும் சொல்லவில்லை.

"இன்னொரு ஆளு வெச்சிக்கலாமா லூர்து?" என்று தொட்டிக்காரர் சுப்புராயன் கேட்டார்.

"வேணாம் மொதலாளி. வேலை நடந்துகினுதானே கீது."

தை மாதம் லூர்துசாமியும் காய்ச்சலில் படுத்தான். ஒரு திங்கட்கிழமை தவறிப்போயிற்று. வியாழக்கிழமை அவன் வந்தபோது சுப்புராயன் மெஷினருகே கடுகடுவென்று நின்றிருந்தார்.

"ரம்பம் ஒரு பக்கமா இழுத்துக்கினு போவுது. பாதிப் பல்லு பளபளன்னு கீது, பாதி மொண்ணையா கீது. நீ இல்லாதப்போ எவன் கை வெச்சான்?"

லூர்துசாமி குனிந்து பார்த்தான். மொண்ணையாக இருந்தவை அவனுடைய பற்கள்.

"என் பாதியை நான்தானே தீட்டணும், மொதலாளி" என்றான்.

முக்காலியை இழுத்துப் போட்டு அரத்தை எடுத்தான். தேசப்பன் போனதிலிருந்து பாடாத பாட்டின் முதல் அடியைப் பாடினான். அடுத்த அடிக்கு இடம் விட்டு நிறுத்தினான்.