வயல்கிணற்றில் ஹெலிகாப்டர்

வரதய்யபாளையத்து வயல்கிணற்றுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியோடு கட்டித் தள்ளப்பட்ட பாபு, கட்டை அவிழ்த்துக்கொண்டு மேலே வருகிறான். ஆரஞ்சு நிறச் சட்டை உப்பி மிதக்கிறது. கடலில் எண்ணெய் எடுக்கும் வேலைக்குப் பயிற்சி தரும் மாஸ்டர் போண்டாவை மென்றபடி விசில் ஊதுகிறார். "ஹெலிகாப்டர் கடல்ல உழுந்தா இப்டித்தான் தப்பிச்சிக்கினு வரணும். கடல் நடுவுல எண்ணெ தோண்டுற ரிக்ல வேலை உனக்குத்தான்டா!" எட்டு வயதிலேயே இதே கிணற்றில் குதித்து விளையாடியவனுக்கு இது ஒரு பாடமாம்! கரையில் நிற்கும் அவன் மனைவி யமுனா உதட்டைச் சுழிக்கிறாள். இந்த மாஸ்டரை நம்பித்தான் சத்தியவேட்டுப் பக்கத்துத் தொழிற்சாலை வேலையை அவன் விட்டுவிட்டு வந்திருக்கிறான். போண்டா மடித்து வந்த செய்தித்தாளை அவள் நீட்டுகிறாள். "இத்தப் படிங்க சார். கச்சா எண்ணெ வெல சரிஞ்சிபோச்சாம். கடல்ல எண்ணெ தோண்ட புதுசா எவனும் பணம் போடலியாம்." மாஸ்டர் வாங்கி முழுதும் படிக்கிறார். பிறகு அதிலேயே விரல்களைத் துடைத்து, கசக்கிக் கிணற்றில் எறிந்துவிட்டு, வரிசையில் நிற்கும் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார். "நெக்ஸ்ட்டு!"