ஒருத்திக்கான மசோதா

சபையில் மணி அலறியது. ஓர் உறுப்பினர் குறைகிறார், ஓட்டெடுப்பு நடத்த முடியாது என்றார் அவைத் தலைவர். பார்வையாளர் மாடத்தில் ஞானசௌந்தரி பல்லைக் கடித்தாள். அகதியாக வந்த அவள் ஒருத்திக்கு மட்டும் குடியுரிமை கொடுக்கும் மசோதா அது. பதினோரு வருடமாக இதே கதை. இன்று எழுந்து வெளியே போனவரோ அதைக் கொண்டுவந்த மாசிலாமணியேதான்!

கேன்டீனுக்கு ஓடினாள். அவர் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, என் வாழ்க்கையைவிட வடை பெருசாப் போச்சா? ஒரு நிமிசம் உட்கார்ந்திருந்தா முடிஞ்சிருக்குமே!"

"முடிஞ்சுதான் போயிருக்கும் தாயி. உள்ள இருந்த அத்தனை பேரும் எதிர்த்து ஓட்டுப்போட வந்தவங்க. மசோதா நிலுவையில கிடக்கற வரைக்கும்தான் உன்னைத் திருப்பி ஊருக்குக் கப்பலேத்த முடியாது."