ஒற்றைச் சொல் கட்டளை

"ஒரே வார்த்தைதான் பிரிஸ்கில்லா. 'போ'. அதுக்கு மேல வாயத் தொறக்காத!"

ஜோசப் ஆனந்த் நூறாவது தடவையாகச் சொன்னார். சேதராப்பட்டில் அவருடைய ட்ரோன் கம்பெனி இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று கிடந்தது. இன்று ராணுவ ஆர்டர் கிடைக்காவிட்டால் நாளைக்கு ஷட்டர் இறங்கிவிடும். பிரிஸ்கில்லாவின் வேலையும் அதோடு சரி.

வீராம்பட்டினம் கடற்கரையில் பந்தல் போட்டு, டெல்லியிலிருந்து வந்திருந்த கர்னலுக்கு இளநீரும் கொடுத்தாயிற்று. எதிரி நாட்டு ஏ.ஐ. இங்கிலீஷ், இந்தியை எல்லாம் ஒட்டுக்கேட்டுவிடும், எங்கள் ஊர்த் தமிழ் மட்டும் அதற்குப் பிடிபடாது என்று அவரிடம் ஆங்கிலத்தில் அளந்துவிட்டிருந்தார் ஜோசப் ஆனந்த்.

மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கும் பிரிஸ்கில்லாவின் பேச்சைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த ட்ரோன் அது. வேறு யார் சொன்னாலும் அசையாது. அவளுக்கும் அது பெற்ற பிள்ளை மாதிரிதான்.

"போன்னு எப்படி சார் மொட்டையா சொல்றது? வாய் கூசுது."

"மிஷினுக்கு என்னம்மா மரியாதை?"

"எதுக்கான ட்ரோன்னாவது சொல்லுங்களேன்."

"ராணுவ ரகசியம். கேக்காத!"

கர்னல் கட்டைவிரலை உயர்த்தினார். பிரிஸ்கில்லா மைக்கைப் பிடித்தாள். முதன்முதலாக வெளியே கிளம்புகிற பிள்ளையைப் பார்த்து 'போ' என்பதா? வாசலுக்கு வந்து சண்டை போட்டவர்களைக்கூட அவள் வீட்டில் யாரும் அப்படி அனுப்பியதில்லை. கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"போயிட்டு வாடா கண்ணு!"

ட்ரோன் சீறிக் கிளம்பியது. கடலில் நிறுத்தியிருந்த பழைய படகுக்கு நேராகப் பறந்தது. படகை அழகாக ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு மூக்கைத் திருப்பிக்கொண்டு பந்தலை நோக்கி வந்தது.

பிரிஸ்கில்லாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"பாத்தீங்களா சார், சொன்ன சொல்லத் தட்டல! நேரா என்கிட்டயே வருது!"

திரும்பிப் பார்த்தாள். பந்தல் காலியாக இருந்தது. கர்னல் மணலில் குப்புறக் கிடந்தார்.

மேசைக்கு அடியிலிருந்து ஜோசப் ஆனந்த் அலறினார்: "ஐயோ, அது தற்கொலை ட்ரோன்மா! போனா வரவே கூடாது!"