கடன் கொடுத்த மூன்று நிமிடம்

"இந்தத் தடவையாவது பேசுவீங்களா, இல்ல இந்தக் கார்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய் ஃப்ரேம் போட்டு மாட்டப் போறீங்களா?"

டார்லா கேட்டதும் பக்கத்து நாற்காலியில் இருந்த வெண்டல் தன் கையிலிருந்த மஞ்சள் கார்டைப் பார்த்துக்கொண்டார். பேச விரும்புகிறவர்கள் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டிய கார்டு அது. அவர் இன்னும் எதுவும் எழுதவில்லை.

"மைக்கைப் பாத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்குதுங்க," என்றார்.

இது மூன்றாவது கூட்டம். நகரத் தெருக்களில் கம்பம் நட்டுத் தொழில் செய்ய மின்சாரக் கம்பெனிக்கு இன்னும் இருபது வருஷம் உரிமை கொடுக்கலாமா என்று நகர சபை பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறதாம். கேட்பதோடு சரி. இரண்டு தடவை ஒத்திவைத்தாகிவிட்டது. இன்றைக்கு எப்படியும் ஓட்டெடுப்பு என்றார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வீங்கிய காலோடு டார்லா மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

அவள் கேட்பது ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி. வெயில் நூற்றுப் பத்து டிகிரியைத் தாண்டும் நாளில் எந்த வீட்டுக்கும் கரண்ட்டை வெட்டக் கூடாது. அவ்வளவுதான்.

முன்வரிசை முழுக்கக் கம்பெனி ஆட்கள். எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை, ஆளுக்கொரு சாண்ட்விச்.

"வாய்க்கு ருசியா போட்டுத்தான் கூட்டிட்டு வந்திருக்காங்க," என்றாள் டார்லா. "எனக்குக் காலைல குடிச்ச காபி மட்டும்தான். சொன்னதையே சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

"உங்க தம்பி அன்னிக்கு எத்தன மணிக்குப் போன் பண்ணினார்?"

"மத்தியானம் மூணு. கரண்ட் போச்சுன்னான். ஏரியாவுக்கே போயிருக்கும், வந்துடும், பேசாம படுத்துக்கடா லயல்னு சொன்னேன். மறுநாள் சாயங்காலம் போலீஸ் கதவை உடைக்குது, உள்ள ஃபேன் சுத்துது, லைட் எரியுது. அவன் கட்டில்ல உயிரில்லாம கிடக்கறான். அந்த வெயில்ல கரண்ட்டே இல்லாம கிடந்தான்னு நான் சொன்னா யார் நம்புவாங்க?"

வெண்டல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக் கசக்கினார்.

"ஒழுங்கா பில் கட்டினவன் வீட்ல எதுக்குடி வெட்டுவாங்கன்னு என் புருஷனே கேக்கறார். எனக்கே சில நாள் சந்தேகம் வருதுங்க. கனவு கண்டேனோன்னு."

"கனவில்லீங்க," என்றார் வெண்டல் மெதுவாக.

அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மைக்குக்கு எதிரே பச்சை விளக்கு எரிந்தது. மூன்று நிமிடம். டார்லா மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஆரம்பித்தாள். தம்பியின் போனைப் பற்றிச் சொல்லும்போதே உறுப்பினர் ஒருவர் கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம்மா. வக்கீல் சார், அந்த வீட்டுக்கு அன்னிக்கு உங்க ஆள் யாராவது போனாங்களா?"

கம்பெனி வக்கீல் சாவகாசமாக எழுந்தார். கோட்டுப் பட்டனைப் போட்டார். ஃபைலைப் புரட்டினார். "இல்லைங்க. ரெண்டு தடவை தேடிப் பாத்தாச்சு. அந்த வீட்டு இணைப்பைத் துண்டிச்சதா எங்க ரெக்கார்டில் ஒண்ணுமே இல்லை. அம்மாவோட துக்கம் எங்களுக்கும் புரியுது. ஆனா துக்கத்துக்காக ஒப்பந்தத்தை மாத்த முடியாது."

நீலச் சட்டைகள் கை தட்டின. டார்லா வாயைத் திறந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"நேரம் முடிஞ்சுதும்மா," என்றார் மேயர்.

"அவர் பேசினதும் என் கணக்கிலயா?"

"விதி அப்படித்தான். வேற யாராவது தன் மூணு நிமிஷத்த உங்களுக்குக் கொடுத்தா நீங்க தொடரலாம். யாராவது இருக்கீங்களா?"

ஒருவரும் அசையவில்லை. டார்லாவுக்குக் கோபம்கூட வரவில்லை. வீட்டுக்குப் போய்க் காலை வெந்நீரில் வைத்தால் போதும் என்றிருந்தது. காகிதத்தை மடித்தாள்.

"நான் தர்றேன்."

வெண்டல் எழுந்து நின்றிருந்தார். டார்லா மடித்த காகிதத்தை மறுபடி பிரித்தாள். இந்த ஊரில் தன்னை நம்ப ஒரு மனுஷராவது இருக்கிறாரே!

"ரொம்ப நன்றிங்க," என்றாள் அங்கிருந்தே. "உங்க மூணு நிமிஷத்த வீணாக்க மாட்டேன்."

செயலாளர் தலையை உயர்த்தாமலே சொன்னார். "நேரம் கொடுக்கறவரும் மைக்குக்கு வரணும். பதிவுக்காகப் பேர், வேலை ரெண்டும் சொல்லணும்."

வெண்டல் வந்தார். டார்லா நகர்ந்து இடம் கொடுத்து, தைரியம் சொல்வதுபோல் அவர் தோளில் கை வைத்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"வெண்டல் கிராஃப்ட். மின்சாரக் கம்பெனியில கனெக்‌ஷன் துண்டிக்கிற வேலை," என்றார். முன்வரிசை மொத்தமும் திரும்பியது. "பக்கத்து வீட்டுக்குப் போட்ட ஆர்டருக்கு, லயலோட மீட்டரைத் தப்பாக் கழட்டினவன் நான்தான். மறுநாள் காலையில தெரிஞ்சுது. வேலை போயிடும்னு பயந்து ஒருத்தருக்கும் சொல்லாம, எதுலயும் எழுதாம திரும்ப மாட்டிட்டேன். மாட்டினதும் கதவைத் தட்டினேன், திறக்கல. தூங்கறார்னு நினைச்சுக் கிளம்பிட்டேன்."