மடிச் சோதனை

போடி ஆஸ்பத்திரி ஜன்னலில் வெயில் சாய்கிறது. குடலிறக்க ஆபரேசன் முடிந்த ஏலத்தோட்டக் கங்காணி கன்னையனுக்குக் கண் திறந்திருக்கிறது, மயக்கம் தெளியவில்லை. அவனைப் பார்க்க வந்த மாயக்காள், அவனுக்குக் கீழே காயெடுப்பவள், கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். திடீரென்று அவன் கை காற்றில் துழாவுகிறது. "ஏலக்கா திருடுறியா? மடிய ஒதறு. ரவிக்கைக்குள்ள என்ன? நாந்தான் பாப்பேன்." நர்சம்மா சிரிக்கிறாள். "இந்த ஊசி போட்டா சில பேரு இப்பிடித்தான் பெனாத்துவாக." மனைவி சந்திரவல்லி அவன் வாயைப் பொத்துகிறாள். விரலிடுக்கில் குரல் கசிகிறது: "வெரசா அவுத்துக் காட்டு, புள்ள." தோட்டத்துச் சாயங்காலச் சோதனையில் நிற்பதுபோல் மாயக்காள் எழுந்து, பழக்கத்தில் மடியை உதறுகிறாள். அவனுக்கென்று வாங்கி வந்த ஆரஞ்சுப் பழங்கள் தரையில் உருள்கின்றன. பொறுக்கக் குனிந்த சந்திரவல்லி நிமிரவே இல்லை.